உபவாசக் கூட்டத்து ஆட்டுக்கறி

கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும் என்று தாய்மார் கூட்டத்தில் நான் முழங்கிக்கொண்டிருந்த மத்தியானம்தான் எனக்கு முதல் குளிர் எடுத்தது. சித்திரை மாதம். ஓட்டுக் கூரைக்குக் கீழே எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நடுங்கும் குரலில் பேசினேன். கூட்டத்தார் அதை உருக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் அழுதார்கள்.

டைபாய்டு (குடலில் புண்ணை உண்டாக்கி வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல்) கண்டு படுத்திருக்கும் தாய்மாருக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கும் இதை எழுதுகிறேன். பொறுமையைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் சபையில் இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது பசி.

என் பெயர் கிருபை. எங்கள் வீட்டுக்காரர் பூந்தமல்லியில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். மூன்று பிள்ளைகள், கடைக்குட்டி அப்போதுதான் பால் மறந்திருந்தாள். பட்டணத்தில் குண்டு விழும் என்று பயந்து பாதி ஜனம் எங்கள் பக்கம் வந்து இறங்கியிருந்த வருஷம் அது. நாலு வீடு இறைத்துக்கொண்டிருந்த எங்கள் தெருக் கிணற்றில் அப்போது விடிந்ததிலிருந்து வாளிச் சத்தம் ஓயாது.

முதல் வாரம் காய்ச்சல் மாடிப்படி ஏறுவதுபோல் ஏறியது. காலையில் ஒரு படி இறங்கும், சாயங்காலம் இரண்டு படி ஏறும். மலேரியா என்று கம்பவுண்டர் கொய்னா மாத்திரை கொடுத்தார். காது இரைந்ததுதான் மிச்சம். அப்போதும் நான் படுக்கவில்லை. நான் படுத்தால் அந்த வீட்டில் சூரியன் உதிக்காது என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஒரு நாள் அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இறக்க வேண்டும் என்று தெரிகிறது, கை வரவில்லை. அதைப் பார்த்த வீட்டுக்காரர் பாலை இறக்கி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கரி வாயுவில் ஓடும் பஸ்ஸில் போனோம். யுத்த காலத்தில் பெட்ரோல் ஏது? சென்னீர்குப்பத்தில் ஒரு தரம், வானகரத்தில் ஒரு தரம் மூச்சு வாங்கி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளச் சொன்னார் கண்டக்டர். நானும் எழுந்தேன். வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னைத் தடுத்தது அதுதான் முதல் தடவை. காய்ச்சலிலும் எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

டாக்டரம்மா என் நாக்கைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், பிறகு கேட்டார்.

"தண்ணி காய்ச்சிக் குடிக்கிறீங்களா?"

"காய்ச்சாம குடிக்கிறதே இல்ல டாக்டரம்மா. நானே கூட்டத்துல அதப் பத்திப் பேசறவ."

"காய்ச்சினதை எப்படி ஆற வைக்கிறீங்க?"

"வெயில் காலத்துல எங்க ஆறுது? கெணத்துத் தண்ணி ரெண்டு சொம்பு ஊத்தி வெளாவிடுவோம்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தாய்மாரே, எங்கள் ஊரில் முக்கால்வாசி வீடுகளில் இதுதான் வழக்கம். காய்ச்சிய தண்ணீரை மூடி வைத்துத் தானாக ஆற விடுங்கள். அவசரமென்றால் பானையோடு ஈரத் துணியைச் சுற்றுங்கள். மேலே ஊற்றும் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரில் எல்லாம் போய்விடுகிறது.

ஆஸ்பத்திரியில் படுக்கை காலி இல்லை. வீட்டிலேயே வைத்துப் பார்க்கும்படி சொல்லி, டாக்டரம்மா என் வீட்டுக்காரரை நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். வாத்தியாரான அவர் பள்ளிக்கூடப் பையனைப்போலக் கை கட்டிக் கேட்டுக்கொண்டார். கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் படுக்கைத் தட்டுதான் (படுத்தபடியே மலஜலம் கழிக்க வைக்கும் பாத்திரம்). அதைச் சுண்ணாம்பு போட்டுக் கிணற்றுக்குத் தூரமாகப் புதைக்க வேண்டும். பால், பார்லிக் கஞ்சித் தெளிவு, குளுக்கோஸ் தண்ணீர், வேறொன்றும் கிடையாது. பார்க்க ஒருவரும் வரக்கூடாது.

"முக்கியமா ஒண்ணு," என்றார். "காய்ச்சல் இறங்கினதும் அகோரப் பசி எடுக்கும். அப்பதான் ஆபத்து. குடல்ல புண் இருக்கிற இடம் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசா இருக்கும். ஒரு வாய் கெட்டியான சாப்பாடு போதும், ஓட்டை விழுந்துடும். அப்புறம் இவங்களை இங்க தூக்கிட்டு வராதீங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"சரிங்கம்மா," என்றார் அவர்.

பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் அவரே தாதியானார். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக் கன்னியம்மாள் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே நெல் போடுகிற குடும்பம், மாடு இருந்தது, எனக்கான பாலும் அங்கிருந்துதான் வந்தது.

அவர் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன், உங்கள் வீட்டு ஆண்களுக்கும் உதவும். காய்ச்சல் ஏறும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்து ஒரு கை, ஒரு கால் என்று தனித்தனியாகத் துடைக்க வேண்டும். மொத்தமாக நனைத்தால் நோயாளி உங்களைச் சபிப்பாள். நான் சபித்தேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் படுக்கைப் புண் (ஒரே பக்கமாகக் கிடப்பதால் தோல் அழுகுவது) வரும். வாயைத் துணியால் துடைத்து உதட்டுக்கு வெண்ணெய் தடவ வேண்டும். வெண்ணெயை நக்கக் கூடாது என்று அவர் சொன்னார். நான் நக்கினேன்.

பார்க்க ஒருவரும் வரக்கூடாது என்ற உத்தரவை மட்டும் அவரால் நிறைவேற்ற முடியவில்லை. எங்கள் சபையில் நோயாளியைப் பார்க்கப் போவது நாலாவது சாப்பாட்டு வேளை மாதிரி. வருவார்கள், தலைமாட்டில் உட்காருவார்கள், இதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்த தங்கள் சொந்தக்காரர் கதையைச் சொல்வார்கள், ஒரு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணுவார்கள், அதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். எல்லோருக்கும் முன்னால் வந்து எல்லோருக்கும் பின்னால் போகிறவர் சலோமி அக்கா. சபையிலேயே நல்ல கைப்பக்குவம் அவருக்குத்தான். சபையார் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்கு அவர் கரண்டி பிடித்தால்தான் ஜனம் திருப்தியாக எழுந்திருக்கும். அன்பு அதிகம். குரல் அதைவிட அதிகம்.

"வாத்தியாரே, இன்னா இப்டி எளச்சிப் பூட்டா! ஒரு கறி சூப்பாவது குடுக்கக் கூடாது?"

"டாக்டரம்மா வேணாம்னாங்கக்கா," என்பார் இவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"டாக்டரம்மாக்கு இன்னா தெரியும், கண்ணாலம் கட்டாதவ!"

இந்த நடமாட்டத்தை நிறுத்தியது கன்னியம்மாள். எனக்கு வந்திருப்பது அம்மை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. ஒரு காலை நாங்கள் கண் விழிப்பதற்குள் எங்கள் வாசல் நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலையைக் கட்டிவிட்டாள். வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் எங்கள் ஊரில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். கிறிஸ்தவர்கள் வைக்கலாம் என்று யார் சொன்னாலும், முதலில் வைக்கிறவர் தானாக இருக்க ஒருவருக்கும் மனமில்லை. வீடு அப்படியே அமைதியாகிவிட்டது. எங்கள் சபையை நடத்தும் உபதேசியார் மட்டும் தெருவின் அந்தப் பக்கம் நின்று, உரத்த குரலில் எனக்காக ஜெபித்துவிட்டுப் போனார். நான் அந்த நாட்களில் தூங்கியதுபோல் என் வாழ்நாளில் தூங்கியதில்லை.

கடைசியில் சலோமி அக்காதான் வந்து அதைப் பிய்த்தெறிந்தார்.

"வேதம் சொல்லிக் குடுக்குற வாத்தியாரு ஊட்டு வாசல்ல வேப்பிலையா? நீங்க பாத்துகினு சும்மாவா கீறீங்க?"

"நான் கவனிக்கலக்கா," என்றார் எங்கள் வீட்டுக்காரர். கொத்து அவர் நெற்றியில் இடிக்கிற உயரத்தில்தான் தொங்கியது.

அதற்குப் பிறகு எனக்கு ஜன்னி (காய்ச்சல் தலைக்கேறிப் பிதற்றுவது) கண்டது. கட்டிலில் கிடந்தபடியே தாய்மார் கூட்டம் நடத்தினேனாம். உபதேசியாரின் ஜெபம் நீளம் என்றேனாம். அவர் அதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். சலோமி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கறில எப்பவுமே உப்பு தூக்கல்" என்றேனாம். அவர் பெருந்தன்மையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜன்னியில் இருப்பவர்கள் மனதில் உள்ளதைத்தான் சொல்வார்கள் என்று அவர் எங்கேயோ கேட்டிருந்தார். நான் பிழைத்து எழுந்ததும் முதல் வாய் அவர் சமைத்த கறியாகத்தான் இருக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

பிறகு ஒரு காலை காய்ச்சல் இறங்கியது. எழுந்து பார்த்தால் முடி தலையணையில் கிடக்கிறது, கை விறகுக் குச்சியாக இருக்கிறது, என் உடம்பை யாரோ கொண்டுபோய் வேறொன்றை வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது. அழலாம் என்று வாயைத் திறந்தேன். பசி வந்துவிட்டது.

அந்தப் பசியை எப்படிச் சொல்ல? உபவாசப் பசியெல்லாம் பசியே இல்லை, தாய்மாரே. இது உடம்பு மொத்தமும் வாயாகிவிடுகிற பசி. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் கண்ணில் நீர் வரும். தெருவில் போகிற நுங்குக்காரியின் குரலைக் கேட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். ஜெபிக்கக் கண்ணை மூடினால் இட்லி தெரியும். பால் தம்ளரோடு வருகிற வீட்டுக்காரரைக் கண்டாலே எரிச்சலாக வந்தது. ஒரு ரொட்டித் துண்டு கேட்டுக் கெஞ்சினேன், மிரட்டினேன், பிள்ளைகள் மேல் ஆணையிட்டேன். அவர் தம்ளரை நீட்டியபடியே நிற்பார். இன்னும் பத்து நாள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். குடல் ஆறிவிட்டது என்று என் நாக்கு சொன்னது. நாக்கை நம்பியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் சலோமி அக்கா எனக்காக ஓர் உபவாசக் கூட்டம் ஏற்பாடு செய்தார். எங்கள் சபை வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யார் சுகத்துக்காக உபவாசமோ, அந்த வீட்டிலேயே கூடுவோம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. சாயங்காலம் முடிவு ஜெபம் ஆனதும் அங்கேயே சாப்பிட்டு உபவாசத்தை முடிப்போம். நோய் கண்ட வீட்டுக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்பதால் அரிசியும் கறியும் கொண்டுவந்து நாங்களே சமைத்துவிடுவோம். அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒவ்வொருத்தியும் தன் வீட்டு அரிசியில் ஒரு படி கொண்டுவந்தாள். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பட்டினி கிடந்த என் கட்டிலுக்குப் பத்தடி தூரத்தில், கொல்லையில், ஆட்டுக்கறி வெந்தது.

கூடத்தில் பெண்கள் பாடுகிறார்கள். உபதேசியார் ஜெபிக்கிறார். எங்கள் வீட்டுக்காரரும் வீட்டுக்கு உடையவர் என்ற முறையில் உபவாசத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் உள்ளறையில் தலையணையைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு சலோமி அக்கா வந்தார். கையில் கிண்ணம். அதில் ஒரு கைப்பிடி சோறு, மேலே நாலு துண்டுக் கறி, முருங்கைக்காய், கொழுப்பு மிதக்கிற குழம்பு.

"கிருபை," என்று ரகசியக் குரலில் ஆரம்பித்தார். அவருடைய ரகசியம் தெருவரைக்கும் கேட்கும். "உப்பு பாத்துச் சொல்லு கண்ணு. எனக்கு உபவாசம், நாக்குல வெக்க முடியாது. அவங்க அத்தினி பேரும் உபவாசம். இந்த ஊட்லயே உபவாசம் இல்லாதவ நீ ஒருத்திதான்."

இதைவிடச் சரியான நியாயம் எனக்கு அன்று தோன்றவில்லை. வாரக்கணக்கில் சோற்றைக் கண்ணால் பார்க்காத நான்தான் அந்த வீட்டில் உபவாசம் இல்லாதவள்!

"ஒண்ணும் ஆவாதா?" என்று ஒப்புக்குக் கேட்டேன்.

"ஜெபம் பண்ணிகினே ஆக்குனதுமா. ஒண்ணும் ஆவாது. உப்பு தூக்கல்னியே, அதுக்குத்தான் கையாலேயே அளந்து போட்டுக் கீறேன்."

கிண்ணத்தை வாங்கினேன். சோற்றைப் பிசைந்தேன். சூடு விரலில் ஏறியது. எனக்கு மூன்று பிள்ளைகள் இருப்பது அந்த நிமிஷம் ஞாபகத்தில் இல்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

கூடத்தில் பாட்டு நின்றது. எங்கள் வீட்டுக்காரர் உள்ளறை வாசற்படியில் நின்றார். கிண்ணத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். இரண்டே எட்டில் வந்து கிண்ணத்தைப் பிடித்தார். நான் விடவில்லை. அவரும் விடவில்லை. அவருக்குப் பின்னால் உபதேசியாரும் பாட்டுப் புத்தகங்களோடு தாய்மார் கூட்டம் மொத்தமும் வந்து நின்றது. அவர்கள் முன்னிலையில் நான் என் புருஷனை "படுபாவி" என்றேன். அதோடு என் பிடி தளர்ந்துவிட்டது.

கிண்ணம் அவர் கைக்குப் போனதும் அதைக் கொண்டுபோய் வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைத்தால் நான் எப்படியும் தவழ்ந்துபோய் எடுப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நான் பிசைந்த சோற்றை எடுத்து அவர் சாப்பிட ஆரம்பித்தார். உபவாசத்தில் இருக்கிற மனிதர். முடிவு ஜெபம் ஆகவில்லை. சபையில் யாரையும் நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை பேசாதவர். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கறியை, முருங்கைக்காயை, எலும்பில் ஒட்டியதை, கடைசிச் சொட்டுக் குழம்பை வழித்துச் சாப்பிட்டார்.

"வாத்தியாரே!" என்றார் சலோமி அக்கா. "ஆமென் சொல்லலியே இன்னும்!"

அவர் விழுங்கிவிட்டு நிமிர்ந்தார்.

"உப்பு சரியா கீதுக்கா," என்றார்.

பிறகு அவரே, காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு வாய் போதும்னு டாக்டரம்மா சொன்னாங்கக்கா," என்றார்.

"இன்னாத்துக்குப் போதும்?"

"கொடல்ல ஓட்ட வுழுந்து, இவ போய்ச் சேர."

சலோமி அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அட தேவனே, வேணாம்னு சொன்னியே ஒழிய, ஏன்னு சொல்லலியேப்பா," என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். என் காய்ச்சல் தொடங்கியதிலிருந்து செய்ததிலேயே மிகச் சுருக்கமான ஜெபத்தை உபதேசியார் அன்றுதான் செய்தார்.

பார்த்துக்கொள்கிற தாய்மார் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். வருகிறவர்களிடம் 'வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் அது யார் காதிலும் ஏறாது. ஏன் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உங்கள் ஊரிலும் ஒரு சலோமி அக்கா இருப்பார். அவரிடம் முதலில் சொல்லுங்கள். எங்கள் சலோமி அக்கா மறுநாள் காலையே முறத்தை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார். அரிசி புடைத்துக்கொண்டே, வந்த அத்தனை பேரையும், "கொடலு வெங்காயத் தோலா கீது, போய்ட்டு அப்பால வா," என்று திருப்பி அனுப்பினார். உபதேசியாரின் பையைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஆட்டுக்கறி எப்போதுமே ஒத்துக்கொள்ளாது. வெறும் வயிற்றில் அத்தனை கொழுப்பும் போனதில் இரண்டு நாள் சுருண்டு படுத்திருந்தார். நான் என் கட்டிலில் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோடு பேசவும் இல்லை. கோபம் அவ்வளவு. பக்கத்தில் அவர் முனகுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்த ஒரு மத்தியானம்தான், பிள்ளைகள் கன்னியம்மாள் வீட்டுக் களத்தில் கத்தி விளையாடுவது காதில் விழுந்தது. கடைக்குட்டியின் குரல் தனியாகக் கேட்டது. அந்தக் கிண்ணத்தை நான் சாப்பிட்டிருந்தால், இதே மத்தியானம் அவளுக்கு அம்மா இல்லை. அப்போதுதான் எனக்கு உடம்பு நடுங்கியது. காய்ச்சல் வந்தபோதுகூட அப்படி நடுங்கவில்லை. பக்கத்துக் கட்டிலைப் பார்த்து, "சுக்குத் தண்ணி வெக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார்.

டாக்டரம்மா அனுமதித்த நாளில் குழைய வேகவைத்த சோற்றைப் பாலில் கரைத்துக் கொடுத்தார்கள். ஒரு பானை சாப்பிடுவேன் என்று இருந்தேன். மூன்று கரண்டியில் வயிறு நிறைந்துவிட்டது. அவமானமாக இருந்தது. பிறகு நாளுக்கு ஒரு கரண்டி என்று கூடியது. சுவரைப் பிடித்து நின்றேன். கூடம் வரை நடந்தேன். மொட்டைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வேதக்கோயிலுக்குப் போனேன். நான் படுத்திருந்த அத்தனை நாளும் வீட்டில் சூரியன் ஒழுங்காகத்தான் உதித்திருந்தது. அது கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

முடி வளர்ந்துவிட்டது. உடம்பு பழையபடி ஆகவில்லை. முன்பெல்லாம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, அடுப்பங்கரையில் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓடுவேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. இனிமேல் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், ஒவ்வொரு வாயையும் கூழாக மென்றுதான் விழுங்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. அதனால் இப்போது எல்லோரோடும் சேர்ந்து உட்காருகிறேன். ஒரு தட்டுச் சோறு எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. பிள்ளைகள் முடித்துவிட்டு ஓடிவிடுவார்கள். வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கிவரும். ஒரு பருக்கையின் ருசி இன்னொன்றைப் போல் இல்லை என்று எனக்கு இப்போது தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர் எப்போதோ சாப்பிட்டு முடித்திருப்பார். கை கழுவப் போகச் சொன்னால் போவதில்லை. விரலில் குழம்பு காய்ந்துபோக, நான் மென்று முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பார்.